வீட்டுக்குக் கம்ப்ரசர் வாங்குமுன் அளக்க வேண்டியது காற்றை

பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் வீட்டுக்கு வீடு ஒரு காடி, இரண்டு மோட்டார் நிற்கும். தோட்ட வேலைக்குப் போகிறவர் வீடாக இருந்தால் தள்ளுவண்டியும் புல்வெட்டும் மெஷினும் சேர்ந்துகொள்ளும். இத்தனைக்கும் காற்றடிக்க ஒவ்வொரு தடவையும் டவுன் பெட்ரோல் ஸ்டேஷனுக்கு ஓட முடியாது. லிந்தாங் சாலையில் உள்ளே தள்ளி இருக்கும் தோட்டக் குடியிருப்புகளுக்கு அது இன்னும் சிரமம். காற்றிறங்கிய டயரோடு டவுன்வரை உருட்டி வருவதற்குள் டயரின் பக்கச் சுவர் கெட்டுவிடும். அதனால்தான் இப்போது ஊரில் பலர் சின்னக் கம்ப்ரசர் ஒன்றை வீட்டிலேயே வாங்கி வைக்க நினைக்கிறார்கள். நல்ல முடிவு. சரியானதாகப் பார்த்து வாங்கினால் வருடக்கணக்கில் உழைக்கும்.

நான் செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்க்கிறேன். பழக்குலையை வேகவைக்கும் ஸ்டெரிலைசரில் நீராவி வால்வுகள் காற்றழுத்தத்தில்தான் திறந்து மூடும். காற்று போனால் வேலை நின்றுவிடும். ஆகவே கம்ப்ரசரைக் கழற்றுவதும் மாட்டுவதும் எனக்குத் தினசரிப் பிழைப்பு. ஊரில் யாராவது கம்ப்ரசர் வாங்கப் போகிறார்கள் என்றால் வழியில் என்னை நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். கேள்வி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: "அண்ணே, எத்தனை எச்.பி. எடுக்கலாம்?"

எச்.பி.யை, அதாவது குதிரைத்திறனை, விடுங்கள், என்ன வேலைக்கு என்று சொல்லுங்கள் என்பேன். கடையில் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் இரண்டு விஷயம் எச்.பி.யும் அதிகபட்ச அழுத்தமும். இந்த இரண்டையும் வைத்து ஒரு கம்ப்ரசரைத் தேர்ந்தெடுக்கவே முடியாது. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று வெளியே வரும், டாங்கியில் எத்தனை லிட்டர் தங்கும் என்பதுதான் விஷயம். அழுத்தம் என்பது கையடக்க மெஷினில்கூடக் கிடைக்கும். காற்றின் அளவுக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இதை என் அக்கா மகனுக்குப் புரியவைத்தது ஒரு மோட்டார் டயர். பையன் வீட்டு முற்றத்திலேயே கூட்டாளிகளின் மோட்டாரைப் பார்த்துக் கொடுப்பான். ஸ்போர்ட் ரிம்மில் புது டியூப்லெஸ் டயரை மாட்டிவிட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன மெஷினால் காற்றடித்துக்கொண்டிருந்தான். மெஷின் கத்துகிறது, காற்று ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, டயர் உப்பவே இல்லை.

"மாமா, இதுல 150 பி.எஸ்.ஐ.னு போட்டிருக்கு. காடி டயருக்கே 33 போதும். இது ஏன் ஏற மாட்டேங்குது?"

"அழுத்தம் இருக்குடா, காத்து இல்ல. நீ அடிக்கிறத விட வேகமா வெளிய போகுது."

என் வீட்டு 24 லிட்டர் டாங்கியைக் கொண்டுபோனோம். ரிம்மின் விளிம்பெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைத் திருகி வெளியே எடுத்துவிட்டு, குழாயை நேராக வைத்து டாங்கிக் காற்றைத் திறந்துவிட்டோம். ஒரு மூச்சில் டயர் உப்பி, இரண்டு பக்கமும் 'டப், டப்' என்று ரிம்மில் போய் உட்கார்ந்தது. அந்தச் சத்தம் வந்ததும் காற்றை நிறுத்தி, ஊசியைத் திருப்பி மாட்டி, வேண்டிய அளவுக்கு அடித்துக்கொள்ளலாம். இப்படி உட்கார வைக்கும்போது 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக்கூடாது. அதற்குள் உட்காரவில்லை என்றால் காற்றை முழுக்க இறக்கிவிட்டு, சோப்புத் தண்ணீரை இன்னும் தடவி, மறுபடி தொடங்க வேண்டும். முகத்தை டயருக்கு நேராக வைத்துக்கொண்டு குனிந்து பார்ப்பது ஆபத்து.

அந்தச் சின்ன மெஷினைக் குறை சொல்லவில்லை. அது வேறு வேலைக்குச் செய்யப்பட்டது. நம் பக்கம் ஓடும் சாதாரணக் காடி டயர் ஒன்றின் உள்ளே சுமார் 30 லிட்டர் இடம் இருக்கும். 25 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிப்போன டயரை 33க்கு ஏற்ற வேண்டுமானால் ஏறக்குறைய 16 லிட்டர் காற்று போதும். நிமிடத்துக்கு 15, 20 லிட்டர் தள்ளும் பேட்டரி மெஷினே அதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். ஆகவே காடிக்கும் மோட்டாருக்கும் பிள்ளைகளின் சைக்கிளுக்கும் அவ்வப்போது காற்று நிரப்புவது மட்டும்தான் உங்கள் வேலை என்றால், டாங்கி வைத்த கம்ப்ரசரே வேண்டாம். நல்ல பேட்டரி மெஷின், இல்லாவிட்டால் காடியின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகும் மெஷின் ஒன்று போதும். சாக்கெட்டில் சொருகுவதாக இருந்தால் இன்ஜினை ஓடவிட்டு அடியுங்கள், வண்டி திறந்த வெளியில் நிற்கட்டும். பெரும்பாலான காடிகளில் அந்தச் சாக்கெட்டின் பியூஸ் 10 அல்லது 15 ஆம்பியர்தான். அதற்கு மேல் இழுக்கும் மெஷினை நேராக பேட்டரியில் கிளிப் போட்டு எடுக்க வேண்டும். இந்த மெஷின்கள் சீக்கிரம் சூடாகும் என்பதால் இரண்டு டயருக்கு ஒரு முறை ஓய்வு கொடுத்தால் நெடுநாள் வரும்.

வீட்டில் காற்றடிப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. ஸ்டிக்கரில் போட்டிருக்கும் டயர் அழுத்தம் குளிர்ந்த டயருக்கானது. ஓடி வந்த டயர் சூடாகிவிடும். சூடு 10 டிகிரி ஏறினால் காடி டயரில் ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிக் காட்டும். வெயிலில் டவுன்வரை ஓட்டிவந்து அளந்தால் இருப்பதை விட அதிகமாகத்தான் தெரியும். காலையில் வண்டி எடுக்குமுன் வீட்டு முற்றத்தில் அளப்பதே உண்மையான அளவு. பெட்ரோல் ஸ்டேஷன் மெஷின் பெரும்பாலும் கிலோ பாஸ்கலில் காட்டும். 33 பி.எஸ்.ஐ. என்றால் ஏறக்குறைய 230 கிலோ பாஸ்கல், 2.3 பார். காடி ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். மோட்டாரில் செயின் கவரிலோ பின் சக்கரத்துக்கு மேலேயோ தேடிப் பாருங்கள்.

சரி, டாங்கி வைத்த கம்ப்ரசர் யாருக்கு வேண்டும்? தூசியும் புல்லும் ஊதித் தள்ளுகிறவர்களுக்கு, டயர் கழற்றி மாட்டுகிறவர்களுக்கு, தள்ளுவண்டிச் சக்கரம் அடிக்கடி பாஞ்சராகிறவர்களுக்கு. செம்பனை மட்டையின் முள் குத்தாத தள்ளுவண்டி டயர் தோட்டத்தில் ஏது? முள் குத்திய டியூபில் ஓட்டை எங்கே என்று தேட, காற்றடித்துத் தண்ணீரில் முக்க, ஒட்டுப்போட்டு மறுபடி அடிக்க, எல்லாவற்றுக்கும் டாங்கிக் காற்று கைகொடுக்கும். புல்வெட்டும் மெஷினின் சிலிண்டர் இறக்கைகளில் புல் தூள் அடைந்தால் இன்ஜின் சூடாகிச் சீக்கிரம் தேயும். வேலை முடித்து இன்ஜின் ஆறிய பிறகு கொஞ்சம் ஊதிவிட்டால் அந்தப் பிரச்சினை கிடையாது. ஏர் பில்டரை ஊதுவதாக இருந்தால் உள்ளிருந்து வெளியே, 2 பார் அழுத்தத்துக்குள், தள்ளி நின்று ஊத வேண்டும். வெளியிலிருந்து ஊதினால் தூசி காகிதத்துக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும்.

பெயின்ட் அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தீபாவளி நெருங்கினால் கேட்டுக்கும் கிரில்லுக்கும் நாமே ஸ்பிரே அடித்துவிடலாமே என்ற ஆசை. என் பதில், அதற்காக இதை வாங்காதீர்கள் என்பதுதான். பட்டறையில் பயன்படுத்தும் சாதாரண ஸ்பிரே கன் நிமிடத்துக்கு 250 லிட்டருக்கு மேல் காற்று கேட்கும். வீட்டுக் கம்ப்ரசர் உண்மையில் தருவது 70 முதல் 120 லிட்டர்வரை. கேட்டில் பாதி அடிப்பதற்குள் அழுத்தம் விழுந்து பெயின்ட் துளித்துளியாகத் தெறிக்கும். சின்ன நாசில் வைத்த கன்னில் சின்னச் சாமான்கள் அடிக்கலாம், அவ்வளவுதான். கிரில்லுக்கு பிரஷ் போதும். ஹார்ட்னர் கலக்கும் காடி பெயின்ட்டை மட்டும் வீட்டில் அடிக்கவே வேண்டாம். அதன் புகையில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரண துணி மாஸ்க் அதைத் தடுக்காது.

சக்கர நட்டுக் கழற்றும் இம்பேக்ட் கன் பற்றியும் இதையே சொல்வேன். அரை அங்குல கன்னுக்கு சராசரியாக நிமிடத்துக்கு 110 முதல் 140 லிட்டர் என்று பட்டியலில் போட்டிருப்பார்கள். விட்டுவிட்டு அடித்தால் 24 லிட்டர் டாங்கி ஒரு சக்கரத்துக்குத் தாங்கும், பிறகு காத்திருக்க வேண்டும். இப்போது பேட்டரியில் ஓடும் இம்பேக்ட் கன்னே நன்றாக வந்துவிட்டது. அதற்காகப் பெரிய கம்ப்ரசர் வாங்கும் காசில் அதை வாங்கிக்கொள்வது நல்லது. கிரைண்டர், சாண்டர் போல நிறுத்தாமல் சுற்றும் காற்றுக் கருவிகள் வீட்டுக் கம்ப்ரசருக்குத் தாங்காது.

இப்போது கடைக்குப் போகலாம். பெட்டியில் 'நிமிடத்துக்கு 150 லிட்டர்' என்று இருந்தால் அது பெரும்பாலும் பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு. வெளியே வருவது அதை விடக் குறைவு, மலிவான மெஷினில் மூன்றில் இரண்டு பங்குதான் தேறும். உண்மை அளவைத் தெரிந்துகொள்ள கடையிலேயே ஒரு வழி இருக்கிறது. தெரிந்த ஹார்ட்வேர் கடை என்றால் தவுக்கே பிளக்கில் சொருகிக் காட்டுவார். டாங்கி காலியாக இருக்கும்போது தொடங்கி, மீட்டர் முள் 7 பாரைத் தொடும்வரை கைப்பேசியில் நேரம் பாருங்கள். டாங்கி லிட்டரை 7ஆல் பெருக்கி நிமிடத்தால் வகுத்தால் சராசரியாகக் கிடைக்கும் காற்று தெரிந்துவிடும். 24 லிட்டர் டாங்கி இரண்டரை நிமிடத்தில் 7 பாருக்கு வந்தால் நிமிடத்துக்கு 67 லிட்டர். ஒன்றே முக்கால் நிமிடத்தில் வந்தால் 96 லிட்டர். பக்கத்தில் இருக்கும் இரண்டு மெஷினை இப்படி அளந்து பார்த்தால் ஸ்டிக்கரைப் படிக்க வேண்டிய அவசியமே இருக்காது. அப்படிச் சோதிக்கச் சம்மதிக்காத கடையில் நான் வாங்குவதில்லை.

எச்.பி.யைச் சரிபார்க்க கம்ப்ரசரின் மின்மோட்டாரில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 1 எச்.பி. என்பது 746 வாட். தகட்டில் 750 வாட் என்று போட்டுவிட்டு வெளியே 2 எச்.பி. ஸ்டிக்கர் ஒட்டிய மெஷினை நானே பார்த்திருக்கிறேன். அதே தகட்டில் சுற்று வேகமும் இருக்கும். 2850 என்று இருந்தால் வேகமாகச் சுற்றும் ரகம், சத்தம் அதிகம், தேய்மானமும் அதிகம். 1400 என்று இருந்தால் பாதி வேகம், சத்தம் குறைவு. வாங்குகிறவர்கள் அதிகம் கவனிக்காத எண் இதுதான். ஆனால் இரண்டு பக்கமும் ஒட்டிக் கட்டிய தாமான் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இதைவிட முக்கியமான எண் வேறு இல்லை. வேகமாகச் சுற்றும் ரகத்தை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டால் பக்கத்து வீட்டில் தூங்கும் பெரியவர் எழுந்துவிடுவார். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து பகலில் படுப்பவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களையும் நினைத்துத்தான் வாங்க வேண்டும்.

தகட்டில் இன்னொன்றும் பாருங்கள், வோல்ட்டும் ஹெர்ட்ஸும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

எண்ணெய் ஊற்றும் ரகமா, எண்ணெயில்லாத ரகமா என்ற கேள்விக்கு என் கணக்கு சுலபமானது. ஓரிடத்தில் நிற்கும், அடிக்கடி ஓடும் என்றால் எண்ணெய் ரகம். காடி பூட்டில் போட்டுத் தோட்டத்துக்கும் கோயில் வேலைக்கும் தூக்கிப் போவதாக இருந்தால் எண்ணெயில்லாதது. எண்ணெய் ரகத்தைச் சாய்த்துப் படுக்கவைத்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறிவிடும். அதில் மோட்டார் சைக்கிள் இன்ஜின் எண்ணெய் ஊற்றுவது ஊரில் பழக்கமாக இருக்கிறது, வேண்டாம். இன்ஜின் எண்ணெயில் அழுக்கைக் கரைத்து வைக்கும் மருந்து இருக்கும். அது கம்ப்ரசருக்குள் வரும் ஈரத்தோடு கலந்து குழம்பாகி, வால்வுத் தகட்டில் கரியாகப் படியும். கம்ப்ரசர் எண்ணெய் என்றே தனியாக விற்கிறார்கள். நம் வெப்பத்துக்கு ஐ.எஸ்.ஓ. வி.ஜி. 100 என்ற கெட்டி சரியாக வரும். கண்ணாடியில் சிவப்புப் புள்ளியின் நடுவரை நின்றால் போதும். எண்ணெயில்லாத ரகத்தில் பிஸ்டன் வளையம் உலர்வாகவே தேய்ந்துகொண்டிருக்கும். ஆகவே அந்த வளையம் தனியாகக் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மின்சாரம் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த கருகிப்போன மோட்டார்களில் பல மெல்லிய நீட்டு வயரால் கருகியவை. கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும் அந்த ஒரு கணத்தில் வழக்கமாக இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு முன்னறையிலிருந்து கேட்வரை மெல்லிய வயரைச் சுருளோடு நீட்டினால் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். மோட்டார் கிளம்ப முடியாமல் 'ம்ம்ம்' என்று முனகும். முனகினால் அந்த நொடியே சுவிட்சை அணையுங்கள். பழைய தோட்டத்து வீடுகளில் உள் வயரிங்கே பழசாக இருக்கும். அங்கே இன்னும் கவனம் வேண்டும். வயரை நீட்டுவதற்குப் பதில் காற்றுக் குழாயை நீட்டுவதுதான் எங்கள் தொழிலில் வழக்கம். கம்ப்ரசரைச் சுவர் பிளக்குக்குப் பக்கத்தில் வைத்து, 10 அல்லது 15 மீட்டர் பி.யு. (பாலியூரித்தேன்) குழாய் போட்டுக்கொள்ளுங்கள். உள் விட்டம் 8 மில்லிமீட்டர் எடுத்தால் காற்று தாராளமாக வரும். 5 மில்லிமீட்டர் டயருக்குப் போதும், கன்னுக்குப் போதாது. பிளக் சிரிம் தரச்சான்று முத்திரை உள்ள மூன்று முள் பிளக்காக, எர்த் வயர் கட்டியதாக இருக்கட்டும். காற்றுக்கு பி.வி.சி. தண்ணீர்க் குழாய் போடும் பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், அது கூடவே கூடாது. தண்ணீர் அழுத்தத்தில் பி.வி.சி. கசியும். காற்றழுத்தத்தில் அது கண்ணாடிச் சில்லாக வெடிக்கும்.

குழாய் இணைப்புக்கு நம் நாட்டுக் கடைகளில் பரவலாகக் கிடைப்பது நிட்டோ மாதிரி கப்ளர். எல்லாச் சாமானுக்கும் அதே மாதிரியை வாங்கினால் பிறகு தலைவலி இல்லை. திருகுமரையில் வெள்ளை டேப் சுற்றி இறுக்கி, சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். நுரை குமிழ் விட்டால் கசிவு. இரவு டாங்கியை நிரப்பி வைத்து, காலையில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தாலும் தெரிந்துவிடும். மெஷின் நின்றதும் ஒரு கணம் 'புஸ்ஸ்' என்று காற்று விடும். அது பயப்பட வேண்டியதில்லை, அடுத்த முறை மோட்டார் சுலபமாகக் கிளம்ப பிஸ்டன் மேல் இருக்கும் காற்றை அது வெளியேற்றுகிறது. அந்த 'புஸ்' நிற்காமல் தொடர்ந்தால்தான் டாங்கிக் காற்றைத் திரும்பிப் போகவிடாத செக் வால்வில் அழுக்கு அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி தண்ணீர். கம்ப்ரசர் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எழுதுவதைப் படித்தால் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியிருப்பார்கள். நம் ஊரில் இதுதான் தலையாய விஷயம். மழைக்குப் பேர் போன தைப்பிங் இங்கிருந்து தொலைவில்லை, காற்றில் ஈரத்துக்கு எப்போதும் குறைவில்லை. 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் தண்ணீர் ஆவியாகக் கலந்திருக்கும். அந்தக் காற்றை 8 பாருக்கு அமுக்கினால் அது ஒன்பதில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருங்கிவிடும். டாங்கிக்குள் ஆறியதும் அவ்வளவு ஆவியையும் பிடித்து வைக்க முடியாமல் தண்ணீராக இறக்கிவிடும். 24 லிட்டர் டாங்கியை ஒரு முறை காலியிலிருந்து நிரப்பினாலே 4 கிராம் அளவுக்கு, அதாவது தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக, தண்ணீர் உள்ளே விழும். சனிக்கிழமை முழுக்க மோட்டார் கழுவி ஊதிக்கொண்டிருந்தால் ஒரு கிளாஸ் அளவுக்கே சேரும்.

என் வீட்டு டாங்கியின் அடியில் இருக்கும் வடிகால் வால்வைத் திறந்தால் முதலில் இருமுவது போலக் காற்று வரும், பிறகு பால் கலக்காத தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் பீறிடும். அந்த நிறம் துரு. மெஷின் புதிதாக இருந்தபோது தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. தினமும் வடித்தாலும் நம் ஈரத்தில் கொஞ்சம் நிறம் ஏறத்தான் செய்யும். வடிக்காமல் விட்டால் தண்ணீர் டாங்கியின் அடித்தகட்டிலேயே கிடந்து, வெளியே பளபளவென்று பெயின்ட் இருக்க, உள்ளிருந்து இரும்பைத் தின்றுகொண்டே வரும். ஆலையில் காற்றைக் குளிரவைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் டிரையர் இருக்கிறது, தானாக வடிக்கும் வால்வும் இருக்கிறது. வீட்டில் அந்த வேலையை நம் கைதான் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் மெஷினை அணைத்து, அழுத்தம் 1, 2 பாருக்கு இறங்கியதும் வால்வைத் திறந்து, காற்றும் தண்ணீரும் முழுக்கப் போனபின் திறந்தபடியே விட்டுவிடுங்கள். டாங்கியைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் மூலையில் நிற்பதும் வந்துவிடும். மறுமுறை போடும்போது மூடிக்கொண்டால் போகிறது.

ஆனால் அந்த வால்வை டாங்கிக்கு நேர் அடியில், கை போகாத இடத்தில், சின்னத் திருகாக வைத்திருப்பார்கள். தரையில் படுத்துத்தான் திறக்க வேண்டும் என்றால் யாரும் திறக்க மாட்டார்கள். டாங்கியில் துளிக் காற்றும் இல்லாதபோது அந்தத் திருகைக் கழற்றி, ஒரு எல்போவும் பிடி வைத்த பால் வால்வும் போட்டுப் பக்கவாட்டில் கொண்டுவந்துவிட்டால், நின்றபடி காலாலேயே திறக்கலாம். சில வெள்ளியில் முடியும் வேலை. மரை பெரும்பாலும் கால் அங்குலம். கடைக்குப் பழைய திருகை எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். என்னிடம் யோசனை கேட்டு வாங்கியவர்கள் எல்லோருக்கும் முதலில் இதைத்தான் செய்துகொடுத்தேன். என் அக்கா மகன் இப்போது சாயங்காலம் வேலை முடிந்ததும் யாரும் சொல்லாமலே திறந்துவிடுகிறான். வெளியேறும் பக்கத்தில் தண்ணீர் பிரிக்கும் சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பில்டரும் அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டரும் போட்டுக்கொண்டால் மிச்சத் தண்ணீர் பெரும்பாலும் கருவிக்குப் போகாது.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். காற்றை யார் உடம்பின் மேலும் விளையாட்டுக்குக்கூட ஊதக்கூடாது. தோலில் இருக்கும் கீறல் வழியாகக் காற்று ரத்தத்தில் புகலாம், காதுப் பறை கிழியலாம், கண் போகலாம். ஆடைக்கு மேல் வைத்து விளையாட்டாக ஊதி வயிற்றுக்குள் காற்று புகுந்து உயிர் போன சம்பவங்கள் உண்டு. வேலை முடிந்து சட்டையில் ஒட்டிய தூசியைக் காற்றால் தட்டும் பழக்கம் எங்கள் ஆலையில் கண்டிப்பாகத் தடை. வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். ஊதும்போது கண்ணாடி போடுங்கள். மாதத்துக்கு ஒரு முறை சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்து, காற்று விடுகிறதா, விட்டதும் மூடுகிறதா என்று பாருங்கள். அது ஒட்டிக்கொண்டிருந்தால் மெஷினை ஓட்டாமல் வால்வை மாற்றுங்கள். அழுத்தம் போதவில்லை என்று, மெஷினைத் தானாக நிறுத்தும் பிரஷர் சுவிட்சின் திருகைக் கூட்டி வைக்கும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் திருகில் கைவைக்காதீர்கள்.

கடைசியாக, பழைய மெஷின் வாங்குவது பற்றி. டவுனில் பட்டறை மூடும்போதோ, யாராவது பினாங்கு, கேஎல் பக்கம் குடிபெயரும்போதோ பழைய கம்ப்ரசர் மலிவாக வரும். என்னைக் கூட்டிப்போகச் சொல்வார்கள், நானும் போவேன். முதலில் டாங்கிக்குக் கீழே குனிந்து வடிகால் வால்வைத் திறப்பேன். துருத்தண்ணீர் வந்தால் பரவாயில்லை, துருச் செதில் வந்தால் அங்கேயே பேச்சு முடிந்தது. அடித்தகட்டில் பெயின்ட் கொப்புளித்திருந்தாலோ, வெல்டிங் வைத்து ஒட்டுப்போட்ட தடம் இருந்தாலோ அந்த டாங்கியில் காற்று நிரப்பவே கூடாது. துருவேறிய டாங்கிக்கு வெல்டிங் ஒட்டு மருந்தாகாது. மேல் ஓட்டை அடைபடும், மெலிந்துபோன மிச்சத் தகடு அப்படியே இருக்கும். ஹெட் (பிஸ்டன் இருக்கும் மேல்பகுதி) நன்றாக இருந்து மோட்டார் சத்தமில்லாமல் ஓடினால், அவை இரண்டுக்கும் மட்டும் விலை பேசி வாங்கி, வேறு நல்ல டாங்கியில் ஏற்றிக்கொள்ளலாம். பழைய டாங்கியை இரும்புக் கடைக்குப் போடுமுன் பக்கவாட்டில் ஓர் ஓட்டை துளைத்துவிடச் சொல்வேன். வேறு யாரும் அதை எடுத்துப்போய் மறுபடி காற்று நிரப்பக்கூடாது.